தாய் பிறந்த இடம்: பெர்த்தாம் பள்ளத்தாக்கும் குடியுரிமைச் சட்டமும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில், கேமரன் மலையின் சரிவுகளில் தோன்றித் தானா ராத்தாவைக் கடந்து ரிங்லெட்டை நோக்கி இறங்கும் சிற்றாறு பெர்த்தாம். பின்னர் அது தெலோம் ஆற்றோடு கலந்து, ஜெலாய் வழியாகப் பகாங் பேராற்றைச் சென்றடைகிறது. லெம்பா பெர்த்தாம் என்னும் பள்ளத்தாக்கு அவ்வாற்றின் பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று காய்கறித் தோட்டங்களால் அறியப்படும் அப்பகுதியையும் அதனைச் சூழ்ந்த தேயிலைச் சரிவுகளையும் தமிழர் வரலாற்று நூல்கள் விரிவாகப் பேசுவதில்லை. இந்நாட்டுத் தமிழர் வரலாறு என்றாலே ரப்பர் மரமும் பால்வாளியுமே எழுதுவோர் கண்முன் வந்து நிற்கின்றன. தேயிலை ஓர் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகிறது. ஆயினும், தோட்டத்துப் பெண் தாயாக மதிக்கப்பட்டது எப்போது, குடிமகளாக மதிக்கப்பட்டது எப்போது என்னும் வினாவுக்கு விடை காண விழைவோர் இம்மலைச் சரிவுகளிலிருந்து தொடங்குதல் தகும். தேயிலை பெண்ணின் கையை நம்பிய தொழில். அன்றியும், இதே தொழிலில், இதே தமிழ்ப் பெண்கள் இலங்கையில் வேறொரு சட்டத்தின்கீழ் வாழ்ந்தனர். ஒப்பிட்டு நோக்க இதைவிடப் பொருத்தமான களம் கிடைப்பது அரிது.

1885இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியைக் கண்டு குறித்தார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 1925இல், சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பின்னரே அரசு இதில் அக்கறை கொண்டது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல், இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய ஏ.பி. மில்ன் என்பவரைத் துணைக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933இல் பாரத் தோட்டம் எழுந்தது. இலங்கையின் மலைநாட்டு முறையே இங்கும் வந்தது. காடு வெட்டுதல், கவ்வாத்து, ஆலை வேலை ஆகியவை ஆண்களுக்கு. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களுக்கு. ஆலை ஓடுவதும் நிற்பதும் பெண்கள் கொண்டுவரும் கூடையின் நிறையைப் பொறுத்தது என்றால் மிகையன்று.

ஆனால் கூலி அவ்வாறு அமையவில்லை. 1920களின் இறுதியில் இந்தியத் தொழிலாளருக்கென வகுக்கப்பட்ட நியமக் கூலி, எளிதில் சென்றடையக்கூடிய பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பகாங்கின் உட்பகுதிகளில் வாழ்க்கைச் செலவு மிகுதி என்பதால் அது முறையே 58 காசும் 46 காசும் ஆயிற்று. இடம் மாறினாலும் விகிதம் மாறவில்லை. பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு என்பதே கணக்கு. பொருளாதார மந்தக் காலத்தில் இக்கூலியும் வெட்டப்பட்டது. 1936ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய அரசின் சார்பில் வந்து நிலைமையை ஆராய்ந்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய 50, 40 என்னும் அளவுக்கே கூலியை உயர்த்தப் பரிந்துரைத்தார். அவ்விரண்டு எண்களுக்கும் இடையிலிருந்த பத்துக் காசு இடைவெளி அவர் காலத்தில் பெரிய வினாவாக எழவில்லை.

பெண் என்ற முறையில் குறைத்து மதித்த அதே தோட்ட அமைப்பு, தாய் என்ற முறையில் அவளைத் தனியே கணக்கெடுத்தது. தொடக்ககாலக் குடிபெயர்வு பெரும்பாலும் ஆண்களின் குடிபெயர்வு. 1911இல் மலாயாவில் இருந்த இந்தியருள் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் முந்நூற்றுக்குச் சற்று மேல். 1922ஆம் ஆண்டின் இந்தியக் குடிபெயர்வுச் சட்டமும் அதன் விதிகளும், மூன்று ஆண்களுக்கு இரண்டு பெண்களேனும் செல்ல வேண்டும் என்னும் நோக்கத்தைக் கொண்டிருந்தன. மலாயாவைப் பொறுத்தவரை அவ்விதி பலமுறை தளர்த்தப்பட்டது. எனினும் பெண்கள் வரலாயினர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தில் மகப்பேற்றுப் படியும் குழந்தைக் காப்பகமும் பள்ளியும் இடம்பெற்றன. தோட்ட மக்கள் ஆயாக் கொட்டகை என்று அழைத்தது அந்தக் காப்பகத்தைத்தான். விடியுமுன் பிரட்டுக்குப் பெயர் கொடுக்கச் செல்லும் தாய், கைக்குழந்தையை அங்கே ஒரு முதியவளிடம் விட்டுவிட்டு மலையேறுவாள். வேலைக்கு ஆகாத வயதினள் என்று தோட்டம் கருதிய ஒருத்தி, வேலைக்கு வராத வயதினரைப் பார்த்துக்கொண்டாள்.

இவற்றைக் கருணையின் விளைவு என்று மட்டும் கொள்வது பொருந்தாது. கருணை சிறிதும் இல்லை என்று சொல்வதும் நேர்மையன்று. 1938இல் இந்திய அரசு தொழிலாளரின் உதவிபெற்ற குடிபெயர்வைத் தடைசெய்தது. அதன்பின் புதிய கைகள் கப்பலில் வர வழியில்லை. தோட்டத்திற்கு இனி வேண்டிய தொழிலாளர் தோட்டத்து லயத்திலேயே பிறந்தாக வேண்டும். ஆயாக் கொட்டகையில் தூங்கிய குழந்தை, நிர்வாகத்தின் கண்ணுக்கு ஒரு வருங்காலப் பேராகத் தெரிந்தது. தாய்மை இவ்வாறு தோட்டத்தின் பொருளாதாரத்துள் ஓரிடம் பெற்றது. நாட்டின் அரசியலுள் அதற்கு இடம் ஏதும் அப்போது இல்லை.

அதற்குள் மக்கள்தொகையின் இயல்பே மாறத் தொடங்கியிருந்தது. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே இந்நாட்டில் பிறந்தவர். 1947இல் ஏறத்தாழப் பாதிப்பேர் இங்கேயே பிறந்தவர்கள். பதினாறு ஆண்டுகளில் ஒரு வந்தேறு சமூகம் மண்ணின் சமூகமாக மாறிய இவ்விந்தையை எந்தச் சங்கமும் எந்தத் தலைவரும் நிகழ்த்தவில்லை. லயத்து அறைகளில், பெரும்பாலும் மருத்துவச்சியின் கையில், பெயர் அறியப்படாத தாய்மார்கள் நிகழ்த்தியது அது.

பெண்கள் அரசியலறிவே அற்றிருந்தனர் என்று எண்ணுவதும் தவறு. 1941இல் கிள்ளான் வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளுள், பெண்களிடம் அதிகாரிகள் முறைகேடாக நடந்துகொள்வதை நிறுத்த வேண்டும் என்பதும், பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும் என்பதும் இருந்தன. 1943இல் நேதாஜி சிங்கப்பூரில் அமைத்த ஜான்சிராணிப் படையில் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்தனர். அப்படையின் அதிகாரியாக விளங்கிய ஜானகி ஆதி நாகப்பன் பின்னர் 1946இல் மலாயா இந்தியக் காங்கிரசின் தோற்றத்தில் பங்கேற்று, பிற்காலத்தில் மேலவை உறுப்பினருமானார். அதே போர்க்காலத்தில் சயாம் மரண ரயில் பாதைக்குப் பல்லாயிரம் தோட்டத் தமிழர் கொண்டு செல்லப்பட்டு மாண்டனர். திரும்பி வராத கணவன்மாரோடு குடும்பத்தின் சான்றுகளும் போயின. எப்போது வந்தோம், எந்தக் கப்பலில் வந்தோம், எந்தத் தோட்டத்தில் எத்தனை ஆண்டு இருந்தோம் என்பவற்றையெல்லாம் விதவையின் நினைவு மட்டுமே சுமந்தது. சட்டம் நினைவைச் சான்றாக ஏற்பதில்லை.

போர் முடிந்த அவ்வாண்டுகளில் தாய்மையும் குடியுரிமையும் உலகின் வேறு பகுதிகளிலும் ஒன்றாகவே பேசப்பட்டன. பிரான்சில் பெண்களுக்கு வாக்குரிமை 1944 ஏப்ரல் 21ஆம் நாள்தான் ஆணையாகக் கிடைத்தது. 1945 ஏப்ரல் 29இல் முதன்முறையாக அவர்கள் வாக்களித்தனர். அதற்குச் சில வாரங்கள் முன்னர்தான், பத்தாண்டுகளில் 120 இலட்சம் குழந்தைகள் வேண்டும் என்று தெகோல் அந்நாட்டுக்கு அறைகூவல் விடுத்திருந்தார். வாக்குச்சீட்டும் தொட்டிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் பெண்ணின் கையில் தரப்பட்டன எனலாம். குடியேற்ற நாடுகளில் கதை வேறு. செனகலில் ஆப்பிரிக்கப் பெண்களை முதலில் விலக்கி வைத்த அரசு, எதிர்ப்பு எழுந்த பிறகே 1945இல் அவர்களுக்கும் வாக்குரிமையை நீட்டித்தது. அல்ஜீரியாவின் முஸ்லிம் பெண்கள் 1958 வரை காத்திருந்தனர். தமிழ் வழித்தோன்றல்கள் பலர் வாழும் ரெயூனியன் தீவு 1946இல் பிரான்சின் ஒரு மாவட்டமாகவே ஆக்கப்பட்டது. அங்கே, கருக்கலைப்பு பிரெஞ்சுச் சட்டப்படி குற்றமாக இருந்த காலத்திலேயே, பெண்களுக்கு அவர்களின் இசைவின்றிக் கருக்கலைப்பும் கருத்தடையும் செய்யப்பட்ட கொடுமை 1970இல் வெளிப்பட்டது. தாய் நாட்டில் தாய்மைக்குப் பரிசு. தீவில் தாய்மைக்குத் தண்டனை. எந்தத் தாயின் பிள்ளை நாட்டுக்கு வேண்டும் என்பதை ஆட்சியே முடிவு செய்தது.

மலாயாவில் பெண் என்பதற்காக வாக்குரிமை மறுக்கப்படவில்லை. தேர்தல் வந்தபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒருசேர வந்தது. தடை அதற்கு முந்திய வாயிலில் இருந்தது. வாக்காளராவதற்குக் குடியுரிமை வேண்டும். பிரஜாவுரிமை என்று அந்நாளில் வழங்கப்பட்ட அச்சொல் தோட்டத்து லயங்களில் ஒரு புதிர்ச்சொல்லாகவே ஒலித்திருக்கும்.

1948 பிப்ரவரி 1ஆம் நாள் உருவான மலாயாக் கூட்டரசின் உடன்படிக்கை, விண்ணப்பமின்றித் தானாகவே குடியுரிமை பெறுவோர் யாவர் என வரையறுத்தது. கூட்டரசில் பிறந்த ஒருவரின் தாய், தந்தை ஆகிய இருவருமே கூட்டரசில் பிறந்து, தொடர்ந்து பதினைந்து ஆண்டுகள் வாழ்ந்திருந்தால் அவர் குடிமகன். இங்கே பிறந்த தலைமுறையே அப்போதுதான் தழைத்து வந்தது. அதன் பெற்றோரோ திருச்சியிலும் சேலத்திலும் வட ஆர்க்காட்டிலும் பிறந்தவர்கள். ஆகவே தோட்டத் தமிழருள் மிகப் பலருக்கு அவ்வாயில் மூடியே இருந்தது. இன்னொரு விதியும் உண்டு. தந்தை கூட்டரசுக் குடிமகனாயின் பிள்ளையும் குடிமகன். தாய் குடிமகளாயின்? அதற்கு விதியில் இடமில்லை. எஞ்சியோர் விண்ணப்பிக்கலாம்: இங்கே பிறந்தவராயின் பன்னிரண்டு ஆண்டுகளில் எட்டாண்டு வாழ்ந்திருக்க வேண்டும், மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு அறிந்திருக்க வேண்டும். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் சில ஆண்டுகள் படித்துவிட்டுக் கூடை சுமக்கச் சென்ற பெண்ணுக்கு அம்மொழித் தேவை பெருஞ்சுவராக நின்றது.

அதே 1948 ஜூன் மாதத்தில் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டது. பன்னிரண்டு வயதைக் கடந்த அனைவருக்கும் புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை கட்டாயமாயிற்று. அரசு ஐயத்தின் காரணமாக வழங்கிய அட்டைதான் அது. எனினும், கணவனின் பெயரோடு ஒட்டாமல் தன் முகமும் தன் பெயரும் கொண்ட ஆவணம் ஒன்றைத் தோட்டத்துப் பெண்கள் பலர் அப்போதுதான் முதன்முதலாகக் கையில் பெற்றனர்.

1952 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த திருத்தமே இக்கட்டுரையின் நடுப்புள்ளி. 1949இல் அமைந்த சமூகத் தொடர்புக் குழு, துரைசிங்கம் அவர்களின் தலைமையில் நடத்திய நீண்ட பேச்சுகளின் பயனாக விளைந்தது அது. பெற்றோர் இருவரும் இந்நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பது மாறி, ஒருவர் பிறந்திருந்தாலே போதும் என்றாயிற்று. அந்த ஒருவர் தந்தையாகவும் இருக்கலாம், தாயாகவும் இருக்கலாம். பெண்ணுரிமையை எண்ணி எழுதப்பட்ட விதியன்று இது. இனங்களுக்கிடையே எட்டிய ஓர் இணக்கம். ஆயினும் அதன் பயன் எங்கே சென்று சேர்ந்தது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம்.

பெர்த்தாம் ஆற்றங்கரைக்கு மேலுள்ள ஒரு தோட்டத்தில் 1932இல் பிறந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். அவள் பெற்றோர் இருவரும் தமிழகத்தில் பிறந்தவர்கள். அவளை மணந்தவனும் சிறு வயதில் கப்பலேறி வந்தவன். 1953இல் அவளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. அக்குழந்தை பிறந்த அந்நொடியே பகாங் சுல்தானின் குடி; ஆகவே கூட்டரசின் குடிமகன். காரணம், அதன் தாய் இந்நாட்டில் பிறந்தவள். ஆனால் அந்தத் தாயோ, தன் பெற்றோர் வெளியில் பிறந்தவர்கள் என்பதால், தானாகக் குடிமகள் ஆகவில்லை. அவள் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். தான் பெறாத உரிமையைத் தன் பிறப்பினால் பிள்ளைக்குத் தந்தாள் அவள். சட்டநூல்களில் இத்தகைய முரண் எளிதில் காணக்கிடைப்பதன்று.

பெற்றுப் புறந்தருவதைத் தாய்க்கும், அவ்வாறு வளர்ந்தவனுக்கு வாழ்வளிப்பதை வேந்தனுக்கும் கடமையாக வகுத்த பொன்முடியாரின் புறநானூற்றுப் பாடலைத் தமிழாசிரியர் யாவரும் வகுப்பில் விளக்கியிருப்பர். தாயின் கடமை தோட்டத்தில் தவறாது நடந்தது. வேந்தன் யார் என்பதுதான் ஒரு தலைமுறைக்கும் மேலாக விடையின்றி இருந்தது. கூலிக்குத் துரை, குறைகேட்க இந்திய அரசின் முகவர், மேலே ஆங்கிலேய முடியரசு. 1952இல்தான் லயத்துக் குழந்தைக்கு மண்ணின் வேந்தன் ஒருவன் வாய்த்தான்.

இதே பெண் நுவரெலியாவில் பிறந்திருந்தால்? 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தந்தைவழியை மட்டுமே நோக்கியது. ஒருவர் இலங்கையில் பிறந்தவர் என்பது போதாது. அவர் தந்தை, அல்லது தந்தையின் தந்தையும் அவர் தந்தையும், அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். தாய் பிறந்த இடம், தாயின் தாய் பிறந்த இடம், அவர்கள் கொழுந்து பறித்த ஆண்டுகள் எவையும் கணக்கில் இல்லை. மலைநாட்டுத் தமிழர் நாடற்றவராயினர். 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னைக்குத் தள்ளப்பட்டது. பிள்ளைக்குக் குடியுரிமை தாய்வழியாகவும் உண்டு என இலங்கைச் சட்டம் ஏற்றது 2003இல்தான். இரு நாட்டு நிலைக்கும் காரணங்கள் பல. எண்ணிக்கையும் அரசியலும் வேறு வேறு. ஆனாலும் ‘தந்தை’ என்னும் ஒரு சொல்லுக்கும் ‘பெற்றோருள் ஒருவர்’ என்னும் தொடருக்கும் இடையே எத்தனை இலட்சம் வாழ்க்கைகள் தொங்கின என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் திறந்த வாயிலில் எல்லோரும் நுழைந்துவிடவில்லை. 1955 ஜூலையில் நடந்த முதற் பொதுத்தேர்தலில் பதிவு பெற்ற வாக்காளருள் மலாய்க்காரர் ஏறத்தாழ 84 விழுக்காடு. இந்தியரும் பிறரும் சேர்ந்து ஐந்து விழுக்காட்டை எட்டவில்லை. 1957ஆம் ஆண்டு அரசியலமைப்பு, மெர்டேக்கா நாளுக்குப் பின் இம்மண்ணில் பிறக்கும் குழந்தைகளைக் குடிமக்களாக ஏற்றது. மெர்டேக்காவுக்குப் பின் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்கும் பெரியவர்களுக்கு மொழித்தேர்வையும் தளர்த்தியது. தோட்டந்தோறும் சென்று விண்ணப்பிக்கச் சொன்னோர் உண்டு. மூதூருக்குத் திரும்பிவிடலாம் என்று எண்ணிக் காலத்தைக் கடத்தியோரும், கிராணி எழுதிய பெயரும் அட்டையிலுள்ள பெயரும் ஒவ்வாமல் திணறியோரும் உண்டு. பிறப்புப் பத்திரத்தில் முத்தம்மாள், அட்டையில் முட்டம்மா என்றிருந்தால் அலுவலகத்திற்கு இருவேறு பெண்கள்.

1962 அக்டோபர் முதல் விதி இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றாயிற்று. விண்ணப்பிக்கத் தவறிச் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றுவிட்ட தாய்மாருக்கு இவ்விதியின் பிற்பகுதிதான் ஊன்றுகோல். தான் நிரந்தரவாசியாகவே இருந்தபோதும் பிள்ளைக்கு நீல அட்டையைப் பெற்றுத் தர அதனால் இயன்றது. அதே சிவப்பு அட்டை வேலைக்கு உதவவில்லை. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதி வேண்டும் என விதித்தது. 1969ஐ அடுத்த காலத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியர் தமிழகம் திரும்பினர். கணவனுக்கு அனுமதி இல்லை, பிள்ளைகள் குடிமக்கள் என்ற நிலையில் மனைவி எடுக்க வேண்டிய முடிவு எத்தகையது என்பதைச் சட்டம் எழுதியோர் அறிந்திருக்க நியாயமில்லை.

திருமணமும் இதில் வந்து பின்னிக்கொண்டது. கோயிலில் தாலி கட்டினால் திருமணம் முடிந்தது என்பதே தோட்ட வழக்கம்; சட்டமும் நெடுங்காலம் அதை ஏற்றது. 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டத்தின்கீழ்ப் பதிவு கட்டாயமாயிற்று. பெண்ணுக்குப் பாதுகாப்பளித்த நல்ல சட்டம் அது, ஒருதாரமணத்தை நிலைநாட்டியது. ஆயினும் பதிவு செய்யாதோரின் பிள்ளைகள் சட்டத்தின் பார்வையில் மணவுறவுக்கு வெளியே பிறந்தோராயினர். அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணைப்படி அத்தகைய பிள்ளைக்குத் தந்தையின் இடத்தில் தாயே வைத்து எண்ணப்படுவாள். தந்தை நீல அட்டைக்காரராக இருந்தும், தாயிடம் ஆவணமில்லை என்பதால் பிள்ளை நாடற்றதாகும் நிலை இவ்வாறு தோன்றியது. 1952இல் திறவுகோலாக இருந்த தாய், இப்போது பூட்டாகவும் ஆனாள். ஆவணமற்ற இந்தியரைப் பதிவுசெய்ய 2011இல் ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்த வேண்டி வந்ததே இச்சிக்கலின் அளவைக் காட்டும்.

வேலையிடத்துத் தாய்மையின் கணக்கு இதைவிட அமைதியாக வளர்ந்தது. 1955ஆம் ஆண்டின் வேலைவாய்ப்புச் சட்டம் மகப்பேற்றுக்கெனத் தனி இயலே கொண்டிருந்தது. நெடுங்காலம் 60 நாளாக இருந்த விடுப்பு 2023இல் 98 நாளாயிற்று. அதற்குள் தேயிலைச் சரிவுகளில் கொழுந்து வெட்டுவோருள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளராகிவிட்டனர். ஆயாக் கொட்டகையில் வளர்ந்தோரின் மக்களும் பேரமக்களும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிப் போயினர்.

2024 அக்டோபர் 17ஆம் நாள் மலேசிய மக்களவை அரசியலமைப்பின் குடியுரிமை விதிகளைத் திருத்தியது. மலேசியத் தாய்க்கு வெளிநாட்டில் பிறக்கும் குழந்தை, மலேசியத் தந்தையின் குழந்தையைப் போலவே குடியுரிமை பெற அத்திருத்தம் வழி செய்தது. பெண்கள் பல்லாண்டு நீதிமன்றத்திலும் வெளியிலும் போராடிப் பெற்ற வெற்றி அது. நாளிதழ்கள் அதனைப் பெரிதும் வரவேற்று எழுதின. அதே திருத்தத்தில் மற்றொரு விதியும் இருந்தது. இந்நாட்டில் பிறக்கும் குழந்தையின் பெற்றோருள் ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் போதும் என்னும் சொற்களை அது நீக்கியது. சிவப்பு அட்டைத் தாய்மார் 1962 முதல் தம் பிள்ளைகளைக் குடிமக்களாக்கக் கடந்து வந்த வாயில் அதுதான்.